தீ கொடுத்தவள்

மலைமேல் நிற்கும் காவல் கோபுரத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு இரும்புப் படிகள். கோடை தொடங்கியதிலிருந்து முதல் மழை விழும்வரை தினமும் காலையில் அவள் அதில் ஏறுவாள். பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவாள். பதினேழு கோடைகள் அப்படிப் போயின. உச்சியில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. நடுவில் மேசை. மேசைமேல் பாகைகள் குறித்த வட்டத் தகடு. புகை தெரிகிற பக்கம் அதன் கம்பியைத் திருப்பினால் எத்தனையாவது பாகை என்று படித்துச் சொல்லிவிடலாம். ஒரு வயர்லெஸ், ஒரு தொலைநோக்கி, இடி இடிக்கும்போது காலைத் தூக்கி வைத்து உட்கார ரப்பர் கால் போட்ட ஒரு முக்காலி, ஒரு பதிவேடு. பார்ப்பது, புகை தெரிந்தால் சொல்வது, சொன்னபிறகு எழுதுவது. வேலை அவ்வளவுதான்.

ஊரில் எல்லோருக்கும் அவள் கோபுரத்தக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் கணவர் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தார். பெண்டாட்டிக்கு என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால், "எங்க வீட்டுல உசந்த இடம் அவளுக்குத்தான், நான் தரை டிக்கெட்" என்பார். தெரு நாய் குரைத்தாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்கிற மனிதர். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

பதிவேடு எழுதுவதில் அந்த வன அலுவலகத்துக்கென்று ஒரு முறை இருந்தது. யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. பழைய பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி அவள் தானாகவே அதைக் கற்றுக்கொண்டாள். தானாக மூண்டாலோ யாருடைய கவனக்குறைவாலோ ஆனால் 'தீ பிடித்தது'. ஒருவன் வேண்டுமென்றே செய்திருந்தால் 'தீ வைத்தது'. மூன்றாவது ஒன்று உண்டு. அது வெளியாட்களுக்குத் தெரியாது. பெரிய தீ ஒன்று சரிவில் இறங்கி வரும்போது, அது வந்து சேர்வதற்கு முன்பே அதன் வழியில் கிடக்கும் சருகையும் புல்லையும் காவலர்களே எரித்துவிடுவார்கள். வருகிற தீக்குத் தின்ன ஒன்றும் மிஞ்சாது. இரண்டும் நேருக்கு நேர் முட்டி அங்கேயே அணைந்துபோகும். இதை 'தீ கொடுத்தது' என்று எழுதுவார்கள். எந்தக் காவலரும் 'தீ வைத்தேன்' என்று தன்னைப் பற்றி வாய்தவறியும் சொல்லமாட்டார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. பார்த்ததையும் செய்ததையும்தான் எழுதவேண்டும், காதில் கேட்டதை எழுதக் கூடாது. வயர்லெஸில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கெல்லாம் பதிவேட்டில் இடமில்லை.

இந்த இரண்டு வழக்கமும் சேர்ந்துதான் பிற்பாடு அவள் கழுத்தைப் பிடித்தன.

அந்தப் பதினேழாவது கோடையில் ஒரு நாள், பகல் ஒன்று நாற்பதுக்கு, மேற்கு முகட்டில் மூன்று புகைகள் கிளம்பின. ஒன்றிலிருந்து ஒன்று பற்றிப் பரவியிருந்தால் முன்னே பின்னே கிளம்பியிருக்கும். இவை மூன்றும் ஒரே சமயத்தில், நூல் பிடித்து நட்டதுபோல் சம தூரத்தில் எழுந்தன. முகட்டை ஒட்டி மர அறுவை மில்லுக்குப் போகிற மண்சாலை. அதில் மில்லின் நீல நிற வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதை அவள் தொலைநோக்கியில் பார்த்தாள். கூரையில் ஏணி கட்டிய வேன் அந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். பச்சை மரத்தில் கைவைக்க மில்லுக்கு அனுமதி கிடையாது. கருகி நிற்கிற மரம் என்றால் அலுவலகமே கூப்பிட்டு வெட்டச் சொல்லும். ஊருக்கே தெரிந்த விஷயம்தான். வாயைத் திறந்து சொல்லத்தான் ஆள் இல்லை.

அவள் எழுதினாள்: '1.40. மேற்கு முகடு. மூன்று இடம். தீ வைத்திருக்கிறார்கள்.' பதினேழு வருடத்தில் அந்தச் சொல்லை அவள் எழுதியது அதுவே முதல் தடவை. அதே வரியில் வேனையும் குறித்தாள்.

காற்று மேற்கிலிருந்து அடித்தது. தீ முகட்டிலிருந்து கிழக்கே சரிந்து இறங்கியது. சரிவு முடிகிற இடத்தில் ஓடை; ஓடைக்கு இந்தப்பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வீடுகள். வன ரேஞ்சர் அந்த வீடுகளிலிருந்து ஆட்களை வெளியேற்றிக்கொண்டிருந்தார். ஓடைப் பாதைக்குப் பக்கத்தில் இருந்தது கோபுரத்தக்கா ஒருத்திதான். வயர்லெஸில் ரேஞ்சர், இறங்கிப் போய் ஓடைப் பாதையில் தீ கொடுக்கச் சொன்னார். பள்ளத்துச் சாலை என்று ஒன்று ஓடையிலிருந்து மேற்குச் சரிவில் ஏறிப் போகும். அந்தச் சாலையில் ஆள் இருக்கிறதா என்று அவள் கேட்டாள்.

"யாரும் இல்ல. எல்லாரும் இறங்கியாச்சு. குடுங்க" என்றார் அவர்.

எண்ணெய் சொட்டும் கைப்பந்தத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஓடையின் மேற்குக் கரையில் புல்லுக்குப் பந்தத்தைக் காட்டிக்கொண்டே நடந்தாள். தீ சரிவில் ஏறிக்கொண்டு போனது. வெக்கையில் கண் இமை முடி பொசுங்கியது. திரும்பக் கோபுரத்துக்கு வந்து ஏறி, மூச்சு வாங்க எழுதினாள்: '2.25. ஓடைப் பாதை, மேற்குக் கரை. தீ கொடுத்தேன்.'

வீடுகள் தப்பின. சாயங்காலம் தலையை எண்ணியபோது ஒரு தலை குறைந்தது. தீயை அணைக்கத் தண்ணீரோடு மேலே போயிருந்த லாரி டிரைவர். தினமும் காலையில் கோபுரத்தடியில் லாரியை நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடிப்பவர். "அக்கா, மேல காத்து நல்லா வருதா? ஒரு பாட்டில் புடிச்சுக் கீழ போடுங்க" என்பார். பதிலுக்கு அவள் மேலிருந்து, "மூடி இருக்கா?" என்று கேட்பாள். அவர் இறங்கி வந்துவிட்டதாக யாரோ ரேஞ்சரிடம் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை பள்ளத்துச் சாலையின் பாதி வழியில் லாரி கிடைத்தது. பின்சக்கரம் ஒன்று சாலையோரம் சரிந்து தொங்கியது. அவர் இருக்கையிலேயே இருந்தார்.

மேலே முகட்டுத் தீ, கீழே அவள் கொடுத்த தீ. லாரி நடுவில் நின்றது.

அவள் எழுதிய முதல் வரியை வைத்தும், முகட்டில் கிடைத்த எண்ணெய் டப்பாக்களை வைத்தும் மில் மேனேஜரையும் இரண்டு ஆட்களையும் பிடித்தார்கள். காட்டுக்குத் தீ வைத்தது ஒரு குற்றம். அதில் ஒரு உயிர் போனது அதைவிடப் பெரிய குற்றம். மேனேஜர் ஜாமீனில் வந்தார். சாட்சிகளையோ அவர்கள் குடும்பத்தையோ நெருங்கக் கூடாது என்பது நிபந்தனை. அவருடைய வக்கீல் பதிவேட்டின் நகலை வாங்கி இரண்டாவது வரியைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஊரில் பேச்சு திரும்பியது. முகட்டில் மூண்டது யார் வேலையோ, டிரைவரைக் கொன்றது கோபுரத்துக்காரி வைத்த தீதான், அவளே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறாள் என்றார்கள். ரேஞ்சர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். அப்படியொரு உத்தரவு கொடுத்ததாக நினைவில்லை என்று அங்கிருந்து எழுதி அனுப்பினார். அவர் வயர்லெஸில் சொன்னதற்கு ஒரு எழுத்துகூடச் சாட்சி இல்லை. கேட்டதை எழுதும் பழக்கம்தான் இல்லையே.

விசாரணைக்குப் பத்து நாள் இருந்தது. அன்று அவளுக்கு விடுமுறை. கணவரின் கடையில், சட்டை போட்டுப் பார்க்கிற மறைப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் பாதியில் நின்றது. யாரோ உள்ளே வந்திருந்தார்கள்.

"சட்டை ஒண்ணு தைக்கணும் மாஸ்டர். துணி கொண்டாந்திருக்கேன்."

மில் மேனேஜரின் குரல். ஊசி அவள் விரலில் இறங்கியது. அவள் சத்தம் காட்டவில்லை. திரைக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. பளபளவென்று துடைத்த இரண்டு கறுப்புச் செருப்புகள் அதில் தெரிந்தன. திரைக்கு இந்தப்பக்கம் தன் கால்களும் அவருக்கு அப்படியே தெரியும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலை இழுத்துக்கொள்ளவும் பயமாக இருந்தது.

டெய்லர் அளவு எடுத்தார். வழக்கமாக எண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுபவர் அன்று முணுமுணுத்தார். தோள், கை, மார்பு. மேனேஜர் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"கழுத்தைச் சரியாப் பாருங்க மாஸ்டர். இறுக்கிப் புடிச்சா எனக்கு ஆகாது. யாருக்குத்தான் ஆகும்?" செருப்புகள் திரைப்பக்கம் திரும்பின. "உங்க வீட்டம்மா ரெண்டு வரி எழுதியிருக்காங்களாம். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. மேல 'வச்சிருக்காங்க'ன்னு எழுதினது அவசரத்துல எழுதினது, 'பிடிச்சுது'ன்னுதான் எழுத வந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாங்கன்னா, கீழ் வரியை ஒருத்தரும் படிக்கப் போறதில்ல. இல்லாட்டி கஷ்டம். பொம்பளைங்க ஜெயில் ரொம்ப தூரத்துல இருக்கு மாஸ்டர். நேர் பஸ்கூட கிடையாது."

டெய்லர் பழக்கதோஷத்தில், "எப்ப வேணுங்க?" என்று கேட்டார்.

"பதினெட்டாம் தேதி கோர்ட்டுல போடணும். அதுக்கு முன்னாடி."

அவர் போனபின் அவள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாங்கின துணியில் ஒரு நுனியை வெட்டி அளவு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் அன்றைய தேதியையும் கொடுக்கவேண்டிய தேதியையும் எழுதுவது டெய்லரின் வழக்கம். இருபத்தைந்து வருடப் பழக்கம். கை தானாகவே அதைச் செய்துகொண்டிருந்தது. பசை மட்டும் தாளுக்கு வெளியே வழிந்தது.

"ஏம்மா, இதைத் தைக்கட்டுமா, வேண்டாமா?"

"தைக்கலன்னா ஏன் தைக்கலன்னு கேட்டுட்டு வருவான். தைச்சுடுங்க."

"காலர்ல நம்ம கடை பேர் போட்ட பட்டை வைக்கட்டுமா?"

"எல்லாச் சட்டைக்கும் வைக்கறதுதானே. என்ன புதுசா கேக்கறீங்க?"

மேனேஜரை நினைத்து அவள் பயந்தாள்; அதில் சந்தேகமில்லை. வாசலில் எந்த வண்டி நின்றாலும் கதவைத் தாழிட்டாள். கோபுரத்துக்குப் போகிற வழியில் பின்னால் காலடி கேட்டால் திரும்பிப் பார்க்கத் துணிவு வராமல் நடையை எட்டிப் போட்டாள். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது, ஒரு குரல் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்று கிடந்தது. புருஷனிடம்கூட அதை அவள் சொல்லவில்லை. ஊர் பேசுவது உண்மையாக இருந்துவிட்டால்? டிரைவரைத் தொட்டது தன் தீயாகவே இருந்தால்?

அதைத் தெரிந்துகொள்ள வழி இருந்தது. காட்டுத்தீ போன இடத்தில் கற்களைப் பார்த்தால் போதும். தீ எந்தப் பக்கமிருந்து வந்ததோ, கல்லின் அந்தப் பக்கம் கருத்திருக்கும். மறுபக்கம் கல்லை ஒட்டினாற்போல் கொஞ்சம் புல் தப்பியிருக்கும். தீயணைப்பு வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விசாரித்தவர்கள் முகட்டில் தீ எங்கே தொடங்கியது என்பதைத்தான் கல் கல்லாகப் பார்த்தார்கள்; பள்ளத்துச் சாலையில் லாரியைப் படம் எடுத்ததோடு சரி. லாரி நின்ற இடம் கோபுரத்திலிருந்து அரை மணி நடை. இரண்டு மாதத்தில் அவள் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் போகவில்லை. தொலைநோக்கியைத் திருப்பும்போதுகூட அந்த இடம் வந்தால் சற்று வேகமாகத் திருப்பினாள்.

டிரைவரின் மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். கோபுரத்தக்கா தினமும் அவளிடம்தான் டிக்கெட் வாங்கியாக வேண்டும். முன்பெல்லாம், "மேல போற ஆளுக்கு எதுக்கு டிக்கெட், பறந்து போங்க" என்று கேலி பேசுவாள். இப்போது கவுண்டர் ஓட்டைக்குள்ளிருந்து கை மட்டும் வரும். டிக்கெட்டை வைத்துவிட்டுப் போய்விடும். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

அரசு வக்கீல் ஒரு அம்மாள். கெட்டிக்காரி, ஆனால் கவலைப்பட்டாள். 'கொடுத்தேன்' என்பதை 'தகவல் கொடுத்தேன்' என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டாள். எழுதும்போது ஒரு சொல் விட்டுப்போவது சகஜம்தானே என்றாள்.

"அது பொய்ங்க" என்றாள் கோபுரத்தக்கா.

"பொய்யின்னு ஏம்மா நினைக்கறீங்க? ஒரு வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கலாம்."

"எனக்கு ஒண்ணுதாங்க தெரியும்."

பதினெட்டாம் தேதி நீதிமன்றத்தில் மேனேஜர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வெளிர் நீலச் சட்டை, கழுத்து அளவாகப் பொருந்தியிருந்தது. கடைசி வரிசையில் டெய்லர் அந்தச் சட்டையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவரின் மனைவி சன்னலோரம் இருந்தாள். கோபுரத்தக்கா சாட்சிக் கூண்டில் ஏறினாள். மூன்றே படிதான். நூற்றுப் பன்னிரண்டு படியைக் கைப்பிடி தொடாமல் ஏறுகிறவள் அந்த மூன்றுக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

மேனேஜரின் வக்கீல் அதட்டவில்லை. பதிவேட்டை அவள் கையிலேயே கொடுத்து முதல் வரியை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். அவசரத்தில் எழுதியதா என்று கேட்டார். எந்தப் பதிலுக்காக அவர் காத்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. நீலச் சட்டைக்காரர் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே ஆமாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பள்ளத்துச் சாலைக்கு யாரும் போகமாட்டார்கள். மழை பெய்துவிடும். அவளும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

"அவசரம்தாங்க. ஆனா தப்பா எழுதல. மூணும் ஒரே நேரத்துல வந்துது. வச்சதுதான்."

வக்கீல் தலையசைத்தார். இரண்டாவது வரியை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். அவர் அந்தக் கடைசிச் சொல்லை ஒருமுறை தானும் சொல்லிப் பார்த்தார்.

"கொடுத்தேன். யாருக்கும்மா கொடுத்தீங்க?"

"தீக்குங்க."

பின்வரிசையில் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. வருகிற தீக்கு முன்னால் அதன் தீனியை எரித்துவிடுவதைத் தாங்கள் அப்படித்தான் எழுதுவோம், பழைய பதிவேடு எதை எடுத்துப் பார்த்தாலும் அந்தச் சொல் இருக்கும் என்று சொன்னாள். ரேஞ்சர் சொல்லித்தான் கொடுத்ததாகவும், மேலே ஆள் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் இறங்கியதாகவும் சொன்னாள். அதை எழுதி வைக்காதது தன் தப்பு என்றாள்.

"சரி, தீக்குத் தீ கொடுத்தீங்க. அந்தத் தீயிலதானே டிரைவர் செத்தார்?"

சன்னலோரம் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அவள் அங்கே பார்த்தாள்.

"தெரியாதுங்க" என்றாள். "ரெண்டு மாசமா எனக்கு அதே நினைப்புத்தான். ஆனா கல்லைப் பார்த்தா தெரிஞ்சுடும்."

எந்தக் கல் என்று நீதிபதி கேட்டார். அவள் சொன்னாள். மழை வந்தால் கரி கழுவிப் போய்விடும், புதுப்புல் முளைத்துவிடும், அதற்கு முன்னால் யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்றாள்.

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"பயங்க."

நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். தீ ஆய்வாளர் ஒருவரை வரவழைத்து, நான்காம் நாள் இருதரப்பு முன்னிலையிலும் அந்த இடத்தைத் தானே நேரில் பார்ப்பதாகச் சொன்னார்.

மதிய இடைவேளையில் யாரும் எதிர்பாராத காரியம் ஒன்று நடந்தது. டெய்லர் அரசு வக்கீல் அம்மாளிடம் போய், நாக்குழற, ஒரு நோட்டை நீட்டினார். அதில் துணி நுனி ஒட்டிய பக்கம். மேனேஜர் கடைக்கு வந்த தேதி அதில் இருந்தது. அவர் போட்டிருக்கிற சட்டையின் காலரில் தன் கடைப் பட்டை இருக்கும் என்றும் சொன்னார். ஜாமீன் நிபந்தனை அந்தத் தேதிக்கு முன்பே போட்டது. மறுபடி நீதிமன்றம் கூடியதும் மேனேஜர் அந்தக் கடையையே பார்த்ததில்லை என்றார். அப்படியானால் காலரைத் திருப்பிக் காட்டுங்கள் என்று நீதிபதி சொன்னார். பட்டை இருந்தது. அன்று மாலையே ஜாமீன் ரத்தானது. திரும்பி வரும்போது பஸ்ஸில் டெய்லருக்குக் கால் உதறல் நிற்கவேயில்லை.

"பட்டை வைக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டேன் இல்ல?" என்றார். அவள் அவர் முழங்காலின்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மூன்று நாளும் அவள் கோபுரத்தில் இருந்தாள். இரண்டாம் நாள் தெற்கே மேகம் கூடியது. பதினேழு கோடைகள் மழைக்காக அந்தச் சன்னலில் காத்திருந்தவள், முதல் தடவையாக மழை வேண்டாமென்று நினைத்தாள். சற்று நேரத்தில், வந்துவிட்டால் நல்லது என்றும் நினைத்தாள். பெய்து, கழுவி, எல்லாம் பச்சையாகிவிட்டால் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மூன்றாம் நாள் நாலு சொட்டு கண்ணாடியில் விழுந்தன. முக்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். இடி இடிக்கவில்லை. ஆனாலும் காலைக் கீழே வைக்கவில்லை. மேகம் கலைந்து போனது.

நாலாம் நாள் காலை எல்லோரும் ஓடையிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். நீதிபதி தலையில் தொப்பி வைத்திருந்தார். தீ ஆய்வாளர் மெலிந்த, பேசாத மனிதர். கையில் சிவப்பும் நீலமுமாகச் சிறு கொடிகள். கிழக்குப் பக்கம் கருத்த கல்லுக்கு நீலம், மேற்குப் பக்கம் கருத்ததற்குச் சிவப்பு. நீலம் என்றால் ஓடையிலிருந்து ஏறிய தீ. சிவப்பு என்றால் முகட்டிலிருந்து இறங்கியது. முதல் கல்லில் குனிந்து பார்த்து நீலக்கொடியை நட்டார். அடுத்ததிலும் நீலம். அதற்கடுத்ததிலும். ஏற ஏற நீலமாகவே வந்தது. ஒவ்வொரு கொடி நடும்போதும் மேனேஜரின் வக்கீல் குறித்துக்கொண்டார். சாலை வளைந்தது. எரிந்த லாரியின் கூண்டு மேலே தெரிந்தது. இன்னும் நீலம். கோபுரத்தக்கா தன் தீ எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு சிறு மதகுக்குப் பக்கத்தில் ஆய்வாளர் நின்றார். ஒரு கல்லைச் சுற்றி வந்தார். மண்டியிட்டார். அந்தக் கல் இரண்டு பக்கமும் கருத்திருந்தது. அதில் இரண்டு கொடியையும் நட்டார். அதற்கு மேலே இருந்த கல்லுக்குப் போனார். அதன் மேற்குப் பக்கம் கரி. கிழக்குப் பக்கம் கல்லடியில் ஒரு கைப்பிடி காய்ந்த புல் கருகாமல் நின்றது. சிவப்பு. அங்கிருந்து லாரிவரைக்கும் சிவப்பு. லாரியின் நாலு சக்கரத்தைச் சுற்றியும் சிவப்பு. மதகிலிருந்து லாரிக்கு அவர் காலால் அளந்தார். நாற்பத்தொரு எட்டு. இரண்டு தீயும் மதகில் சந்தித்திருக்கின்றன, லாரியைத் தொட்டது முகட்டிலிருந்து வந்தது என்று நீதிபதியிடம் சொன்னார். வக்கீல் தன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கோபுரத்தக்கா சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கைகள் மட்டும் மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தன. டிரைவரின் மனைவி வந்து பக்கத்தில் நின்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் குரலைக் கேட்டது அப்போதுதான்.

"அக்கா. ஒண்ணு கேக்கட்டுமா? அவரு இறங்கி ஓடியிருந்தா எந்தப் பக்கம் ஓடியிருப்பாரு?"

ஆய்வாளருக்கு அந்தக் கேள்வி இல்லை. நீதிபதிக்கும் இல்லை. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. தெரியாது என்று சொல்லலாம்.

"கீழ" என்றாள் கோபுரத்தக்கா. "ஓடைப் பக்கம். எல்லாரும் கீழதான் ஓடுவாங்க."

"அங்க உங்க தீ இருந்துச்சு."

"ஆமா."

டிரைவரின் மனைவி நாற்பத்தொரு எட்டையும் கண்ணால் ஒருமுறை நடந்து பார்த்தாள். லாரியின் சரிந்த பின்சக்கரத்தைப் பார்த்தாள்.

"அவரு லாரியை விட்டு இறங்கியிருக்க மாட்டாரு" என்றாள். சற்றுப் பொறுத்து, "இல்லேன்னு சொல்லாம ஆமான்னு சொன்னீங்களே" என்றாள். அவ்வளவுதான். முன்னால் நடந்து போனாள். மறுநாள் பஸ் நிலையத்தில் ஓட்டைக்குள்ளிருந்து டிக்கெட் வந்தது. பேச்சு வரவில்லை. ஆனால் கை உடனே உள்ளே போகாமல் ஒரு நொடி அங்கேயே இருந்தது.

வழக்கு மறுவருடம் முடிந்தது. மேனேஜருக்கும் இரண்டு ஆட்களுக்கும் காட்டுக்குத் தீ வைத்ததற்கும் உயிர் போனதற்கும் சேர்த்துத் தண்டனை கிடைத்தது. கருகிய மரங்களை எந்த மில்லும் தொடக் கூடாது என்று தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. அவை இன்றும் முகட்டில் அப்படியே நிற்கின்றன.

அதற்கடுத்த கோடையில் வடக்குச் சரிவில் தீ பிடித்தது. மின்கம்பி அறுந்து விழுந்ததால். புது ரேஞ்சர் வயர்லெஸில் கோபுரத்தக்காவை இறங்கிப் போய்த் தீ கொடுக்கச் சொன்னார். மேலே ஆள் இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். மறுபடி கேட்டாள். பெயர் பெயராகச் சொல்லச் சொன்னாள். அவர் எரிச்சலோடு சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் அவள் பதிவேட்டில் ஒரு கோடு போட்டாள். கேட்டதையும் சொன்னதையும் எழுதினாள். பிறகு கைப்பந்தத்தை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

புல்லின்முன் மண்டியிட்டபோது முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. சரிவைப் பார்த்து இரண்டு தடவை, உரக்க, யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டாள். காது கொடுத்து நின்றாள். பதில் இல்லை. பதில் இல்லாததே அவளைப் பயமுறுத்தியது.

மூன்றாவது குச்சியைக் கிழித்தாள். கொடுத்தாள்.